கொடைக்கு வரி எழுதியாயிற்று

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "இந்த வருசம் கொடையில வில்லுப்பாட்டை முழுசா ரெக்கார்டு பண்ணி அனுப்புங்கப்பா." கேட்டது நீதானா என்று உன் அம்மை என் முகத்தைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் நம் கோயில் கொடைத் திருவிழா வந்தபோது, ஒலிபெருக்கிக் குழாய்ச் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சை வைத்து மாடியில் கிடந்தவன் அல்லவா நீ!

குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான். 1984-ல் வேலைக்கு மெட்ராஸ் போன புதிதில், திருவல்லிக்கேணி மேன்சனில் கூட இருந்தவனை "மக்களே" என்று கூப்பிட்டுவிட்டேன். ஒத்தை ஆளை எதுக்குப்பா பன்மையில் கூப்பிடுறே என்று சிரித்தார்கள். மிளகை நல்லமிளகு என்றேன். அப்போ கெட்டமிளகு எது என்று அதற்கும் சிரிப்பு. மலையாளியா என்று வேறு கேட்பார்கள். திருவனந்தபுரம் போனாலோ நாம் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள். உன் ஆச்சி திருவிதாங்கூரில் பிறந்தவள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தத் தமிழ்ப் பக்கம் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது அவள் அடுக்களையில் ஒன்றும் மாறவில்லை. மாசக் கணக்கு மலையாளத்துக் கொல்லம் ஆண்டில்தான் ஓடியது, ஓணத்துக்குப் பாயசம் வைத்தாள். நான்தான் ஆறே மாசத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். லீவில் வந்தவனைப் பார்த்து, "என்னலே, ரேடியோப் பெட்டி மாதிரி பேசுக?" என்று கேட்டாள். இன்றைக்கும் அது உறைக்கிறது.

ஹாம்பர்க்கில் நீ வைத்த தீயல் குழம்பு கசந்துவிட்டது என்றாயே, தேங்காயை அவசரப்பட்டுக் கருக்கியிருப்பாய். தீயைக் குறைத்து, பைய, கை எடுக்காமல் வறுக்க வேண்டும். நன்றாகச் சிவந்து, கருகுமோ என்று பயம் வருகிற நேரத்தில் இறக்கிவிடு, மீதியைச் சட்டிச் சூடு பார்த்துக்கொள்ளும். மல்லி, மிளகாய் வத்தல், நல்லமிளகு சேர்த்து, தண்ணீர் விடாமல் எண்ணெய் பிரியும்வரை அரை. உள்ளியை, சின்ன வெங்காயத்தைத்தான் சொல்கிறேன், நறுக்காதே, முழுசாகப் போடு. சாப்பிடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்.

நம்ம ஊர் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை 2023-ல் எனக்கு அனுப்பியவனும் நீதான். சின்னதில் அதை ஊட்டினால் துப்புவாய்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எங்க ஊரு மாதிரி உண்டா என்று நண்பர்களிடம் சொல்லும்போது, சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கவே சாதியின் பேரில் ஒரு கூட்டத்துக்கு உரிமை இல்லாதிருந்ததையும் சேர்த்துச் சொல். 1926-ல் அதற்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936-ல்தான் திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது. இதுவும் நம்ம ஊர்தான்.

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். போன வருசம் நானே போனில் பிடித்துப் பார்த்தேன். ஜெனரேட்டர் இரைச்சலும் பக்கத்து ஆள் இருமலும் நன்றாகக் கேட்டன. வீசுகோல் வில்லின் நாணில் விழும்போது மணி குலுங்குவதும், பத்தி மட்டை குடத்து வாயில் அடிக்கும்போது வயிற்றுக்குள் விழுகிற 'தொம்'மும் அதில் இல்லவே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். தலைமைப் பாடகரான அண்ணாவி பாடும்போது நம்மைப் பார்ப்பதே இல்லை, அவர் கண் சாமியாடியின் மேலேயே இருக்கிறது. சாமி பிறக்கிற கட்டம் வந்தும் சாமியாடி அசையாமல் நின்றால், அண்ணாவி அந்த அடியையே திரும்பத் திரும்ப எடுத்து வேகத்தை ஏற்றுகிறார். கூடப் பாடுகிறவர்கள் 'ஆமா, ஆமா' என்று நெருக்குகிறார்கள். கால் துடிக்க ஆரம்பித்த பிறகுதான் கதை அடுத்த இடத்துக்கு நகரும். நடுச்சாமத்தில் நடக்கிற இந்தச் சங்கதி தெரியாமலே நாற்பது வருசம் பந்தலின் பின்வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரெக்கார்டு கிடக்கட்டும். இந்தத் தடவை கொடைச் செலவுக்கு உன் பெயரில் தனி வரி எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவனுக்கு நம் கோயிலில் வழக்கமில்லை. சம்பாதிக்கிறான்லா என்று கணக்கர் எழுதிவிட்டார். நானும் தடுக்கவில்லை, கட்டிவிட்டேன். வரி கட்டியவன் பந்தலில் ஒரு ராத்திரி காவல் இருக்க வேண்டும். உனக்குப் பதில் யார் என்று கேட்டார்கள், சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பங்குனி கடைசி வெள்ளி. லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். மாடி அறையை அம்மை ஒதுக்கி வைத்திருக்கிறாள். குழாயை இந்த வருசமும் அந்த மாமரத்தில்தான் கட்டுவார்கள், உன் ஜன்னலைப் பார்த்து.

அப்பா