குப்பை சேர்த்தவர்கள் நாங்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அப்டேட் போட்டதும் போன் மெதுவாகிவிட்டது என்று கேட்ட வாசகருக்குச் சென்ற வாரக் கைப்பேசிக் கேள்வி பதிலில், 'வயதானவர்கள் காலை வணக்கப் படங்களைக் குப்பையாகச் சேர்த்து வைப்பதே காரணம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவள் நான். அந்த வரி என்னைச் சுட்டது.

என் கைப்பேசியில் குப்பை இல்லை. முப்பத்தோர் ஆண்டுகள் அஞ்சலகக் கவுன்டரில் அன்றன்றைய கணக்கை அன்றன்றே முடித்துப் பழகிய கை இது. வரும் படங்களை இரவே அழித்துவிடுவேன். 13,500 ரூபாய்க்கு வாங்கி மூன்றாண்டுகள் ஒரு குறையுமின்றி உழைத்த கருவி, அக்டோபர் கடைசியில் 'பாதுகாப்புக்கு அவசியம்' என்று அப்டேட் போடச் சொல்லிக் கேட்டதற்கு நான் சம்மதித்த மறுநாளே முடங்கியது. 'அ'வைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்த எழுத்தையும் தட்டியிருப்பேன். இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நிற்க, அவரிடம் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண் வந்த குறுஞ்செய்தி திறக்கவேயில்லை. "அம்மா, இன்னும் பத்து வீடு இருக்கிறது" என்றார் அவர். எனக்குக் கூசிப்போயிற்று.

நவம்பரில், ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழ். 2021 முதல் வீட்டிலிருந்தே முகம் காட்டினால் போதும் என்ற வசதி வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இந்த முறை திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடித் திற என்றதும் மூடித் திறந்தேன். வட்டத்துக்குள் என் முகம் அப்படியே உறைந்தது. செயலி தானாக மூடிக்கொண்டது. நான்கு முறை இதே கதை. கடைசியில் 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கு வந்து, தன் கைப்பேசியில் இரண்டே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் கருவியைக் கையில்கூட வாங்கவில்லை. "படங்களை அழித்துப் பாருங்கள்" என்றான். பேத்தி முதன்முதலில் நடந்த வீடியோவைக்கூட அழித்தேன். வேகம் கூடவில்லை. பழைய மென்பொருளையே திரும்பப் போட்டுத் தாருங்கள் என்றேன், அதற்கு வழியில்லையாம். ஏற்றுவதற்கு வழி இருக்கிறது, இறக்குவதற்கு இல்லை என்றால் முன்பே சொல்ல வேண்டாமா? அப்டேட் போடாவிட்டால் வங்கிச் செயலி ஒருநாள் இயங்காது என்கிறார்கள். போட்டால் போனே இயங்கவில்லை. நாங்கள் எங்கே போவது?

இது இன்று தொடங்கியதல்ல. நகத்தால் நெம்பி மாற்றிக்கொண்ட பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டினார்கள். பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தார்கள். இந்த அப்டேட்டோடு நான் கேட்காத மூன்று விளையாட்டுச் செயலிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன்பே இந்தப் போக்கைப் பற்றித் தங்களுக்கு எழுதினேன், வெளியாகவில்லை. அந்த வாரப் பின்னட்டையில் முழுப்பக்கக் கைப்பேசி விளம்பரம் இருந்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை; மனம் கசந்தது உண்மை.

தாங்கள் அறியாததல்ல. தேய்ந்த பேட்டரி உள்ள பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 2,000 ஆக்கியது. அப்டேட்டால் பழைய போன்கள் மந்தமானதற்காக 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியில் நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18 குறித்த புகார்களுக்காக ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. இவர்களில் யாரும் 'படங்களை அழியுங்கள்' என்று மக்களிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் பதிலுக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்டேட்டைத் தள்ளிவைக்கும் வழியையும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் கூடவே பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகர், எதையாவது அழித்துவிடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மன்னார்குடி.