மேக்ரோ ஓடும்போது வெளிறும் எக்செல் திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் பல அலுவலகங்களில் இது நடக்கிறது. மேக்ரோவை (எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரலை) ஓடவிட்ட சில விநாடிகளில் எக்செல் திரை வெளிறுகிறது. தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. பதறிப்போய் டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து எக்செல்லையே மூடிவிடுகிறார்கள். சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். மேக்ரோ நடுநடுவே கோப்பைச் சேமிக்கும்படி எழுதப்பட்டிருந்தால் இன்னும் மோசம்: பாதி வரிகள் புதிது, பாதி பழையது என்று கோப்பு நிற்கும். இந்த இழப்பு பெரும்பாலும் தேவையற்றது.

மேக்ரோவை ஓட்டுவது, மவுஸ் கிளிக்கைக் கவனிப்பது, திரையை வரைவது மூன்றும் எக்செல்லில் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒரே வரிசையில், நடக்கின்றன. மேக்ரோ அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் காத்திருக்க வேண்டியதுதான். விண்டோஸ் அனுப்பும் செய்திகளை ஒரு நிரல் 5 விநாடி எடுத்துக்கொள்ளாவிட்டால், அது தொங்கிவிட்டதாக விண்டோஸ் எண்ணி அந்த வெளிறிய திரையைப் போடுகிறது. உள்ளே வேலை நடக்கிறதா என்று அறிய டாஸ்க் மேனேஜரில் சிபியு பத்தியைப் பாருங்கள். 8 லாஜிக்கல் பிராசசர் உள்ள கணினியில் எக்செல் சுமார் 12 சதவீதத்தில் நிலையாக நின்றால், எட்டில் ஒன்று முழுதாக உழைக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள். பூஜ்யத்திலேயே கிடந்தால், ‘பழைய கோப்பை மாற்றவா?’ என்பது போன்ற ஒரு கேள்விப் பெட்டி வேறு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து பதிலுக்குக் காத்திருக்கலாம்.

மேக்ரோ எழுதுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது நேரத்தைக் குறைப்பது. 50,000 வரி, 10 பத்தி உள்ள ஷீட்டில் ஒவ்வொரு செல்லாகப் படித்து எழுதினால் 10 லட்சம் முறை ஷீட்டுக்குப் போய்வர வேண்டும். அந்தப் பகுதி முழுவதையும் வேல்யூ2 (செல்களின் மதிப்பைத் தரும் பண்பு) மூலம் ஒரு வேரியண்ட் அரேயில் (எந்த வகை மதிப்பையும் ஏற்கும் நினைவகப் பட்டியலில்) எடுத்து, கணக்கை அங்கேயே முடித்து, ஒரே தடவையில் திருப்பி எழுதினால் இரண்டு முறை போதும். நிமிடக்கணக்கில் ஓடியது பெரும்பாலும் விநாடிகளில் முடிந்துவிடும். அந்த அரேயின் எண்ணிக்கை 1-இல் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. பகுதியில் ஒரே ஒரு செல் இருந்தால் அரே வராது, வெறும் மதிப்புதான் வரும். அதை அரேயாகக் கையாண்டால் உடனே ‘டைப் மிஸ்மேட்ச்’ (வகை பொருந்தவில்லை) பிழை. ஃபார்முலா உள்ள பத்தியை இப்படித் திருப்பி எழுதினால் ஃபார்முலா அழிந்து மதிப்பு மட்டும் மிஞ்சும். மேக்ரோ செய்த மாற்றத்தை அன்டூ செய்யவும் முடியாது.

வேகத்துக்காக ஸ்கிரீன் அப்டேட்டிங்கை (திரையைப் புதுப்பிப்பதை) நிறுத்துவதும் கால்குலேஷனை மேனுவலாக்குவதும் (கேட்டால் மட்டும் கணக்கிட வைப்பதும்) மேக்ரோ எழுதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் மேக்ரோ நடுவில் பிழையால் நின்றால் கால்குலேஷன் மேனுவலாகவே கிடக்கும், அதுவும் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும். யாரோ ஒருவர் தொகையை மாற்றுவார், கூட்டுத்தொகை மாறாது. அந்தத் தவறான தொகை அப்படியே அச்சாகிப் போகும். ஆகவே பழைய நிலையை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடந்து போகும் இடத்தில் அதைத் திருப்பிப் போடுங்கள். எனேபிள் ஈவென்ட்ஸுக்கும் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் மேக்ரோக்களை அனுமதிக்கும் அமைப்பு) இதே கவனம் வேண்டும்.

இதற்குப் பிறகும் நேரமெடுத்தால் டூஈவென்ட்ஸ்: காத்திருக்கும் கிளிக், திரை வரைதல் போன்றவற்றுக்கு மேக்ரோ நடுவே சற்று இடம்விடும் கட்டளை. ஒவ்வொரு வரிக்கும் கொடுத்தால் மேக்ரோ ஊர்ந்து போகும். அரை விநாடிக்கு ஒரு முறை போதும். நேரம் பார்க்கப் பயன்படும் டைமர் நள்ளிரவில் மீண்டும் பூஜ்யமாகிவிடும். இரவில் ஓடவிடும் மேக்ரோவில், வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் 86,400 கூட்டிக்கொள்ளுங்கள். டூஈவென்ட்ஸ் கொடுக்கும் அதே இடத்தில் ஸ்டேட்டஸ் பாரில் (எக்செல் ஜன்னலின் அடிப்பட்டையில்) ‘50,000-இல் 12,000’ என்று காட்டினால் காத்திருப்பவர் எண்ட் டாஸ்க் பக்கம் போகமாட்டார். தமிழ் வாசகத்தை விபிஏ எடிட்டரில் (மேக்ரோ எழுதும் ஜன்னலில்) நேரடியாகத் தட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும். ஒரு செல்லில் எழுதி வைத்து அங்கிருந்து எடுங்கள். முடிவில் ஸ்டேட்டஸ் பாருக்கு ஃபால்ஸ் கொடுக்காவிட்டால் கடைசி வாசகம் அங்கேயே தங்கிவிடும்.

டூஈவென்ட்ஸ் கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே யாரும் வரலாம். பொறுமையிழந்தவர் அதே பட்டனை மறுபடி அழுத்தினால், ஓடும் மேக்ரோவுக்குள்ளேயே இன்னொன்று ஓடத் தொடங்கும். வேறு ஷீட்டுக்குப் போனால், ஆக்டிவ்ஷீட்டை (அப்போது திரையில் இருக்கும் ஷீட்டை) நம்பி எழுதிய வரிகள் அந்த ஷீட்டில் போய் விழும். நான் பார்த்தவரை தரவு கெடுவதற்கு இதுவே முதல் காரணம். ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு பூலியன் (ஆம்/இல்லை மட்டும் ஏற்கும்) மாறியை மாட்யூல் தலைப்பில் வைத்து, மேக்ரோ தொடங்கும்போதே அதைச் சோதியுங்கள். வொர்க்புக், ஷீட் பெயர்களை எங்கும் முழுமையாகக் குறிப்பிடுங்கள். எஸ்கேப் விசைக்கு மேக்ரோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எனேபிள் கேன்சல் கீயை எக்ஸ்எல் எரர் ஹேண்ட்லர் என்று வைத்தால், எஸ்கேப் அழுத்தும்போது பிழை எண் 18 வரும். அதைப் பிடித்து, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒழுங்காக நிறுத்தலாம்.

மணிக்கணக்கில் ஓடும் வேலைக்கு, குறித்த நேரத்தில் மேக்ரோவை அழைக்கும் ஆன்டைம் கட்டளை நல்லது. 2,000 வரிகளை முடித்து, விட்ட இடத்தை மறைத்த ஷீட்டில் குறித்துவைத்து, ஒரு விநாடி கழித்து மறுபடி அழைக்கச் சொல்லலாம். இடைவெளியில் எக்செல் முழுதும் பயனருக்கே சொந்தம். ரத்து செய்ய அதே நேரத்தையும் அதே செயல்முறைப் பெயரையும் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். ரத்து செய்யாமல் கோப்பை மட்டும் மூடினால், குறித்த நேரத்தில் எக்செல் அதைத் தானே மறுபடி திறக்கும்.

ஒரே கட்டளையே நீளமானால் இவை எதுவும் உதவாது. பெரிய தரவை வரிசைப்படுத்துவது, முழு ஷீட்டின் மறுகணக்கு போன்றவற்றின் நடுவே டூஈவென்ட்ஸுக்கு இடமே இல்லை. அப்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எக்செல்லைத் திறந்தால், தனி இன்ஸ்டன்ஸ் (தனித்து இயங்கும் இன்னொரு எக்செல்) வேண்டுமா என்று அது கேட்கும். ஆம் என்று சொல்லி, ஒன்றில் மேக்ரோவை ஓடவிட்டு மற்றதில் வேலையைத் தொடரலாம். மேக்ரோ ஓடும் கோப்பை மட்டும் இரண்டாவதில் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
அலுவலக மேக்ரோக்கள் எழுதும் வாசகர்,
கோவை.