பத்து மடங்கு என்றால் எதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லித்தியம் உலோக பேட்டரி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "பத்து மடங்கு மின்சாரம் சேமிக்கும்" என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். மின்சார ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டியிருந்த எங்கள் தெருத் தம்பி ஒருவர், இதழைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து, "சார், அடுத்த வருஷமே புது பேட்டரி வந்துடுமாமே, கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று கேட்டார். நான் முப்பது வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தப் பத்து மடங்கு பொய்யல்ல. லித்தியம் உலோக பேட்டரி என்றால், ஆனோடாக, அதாவது பேட்டரியின் எதிர்மின் முனையாக, லித்தியத் தகட்டையே வைப்பது. ஒரு கிராம் லித்தியத்தின் கொள்திறன், அதாவது அது தாங்கும் மின்னூட்டம், 3860 மில்லி ஆம்பியர்-மணி. இன்றைய பேட்டரியில் ஆனோடாக இருக்கும் கிராஃபைட்டுக்கு 372தான். ஆனால் இது ஆனோடை மட்டும் தனியே எடுத்துத் தராசில் வைத்த கணக்கு. எதிரே இருக்கும் நேர்மின் முனையான கேத்தோடு, செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவே அயனிகள் ஓடும் திரவமான மின்பகுளி, வெளியுறை எதுவும் எடை குறைவதில்லை. முழுக் கலத்தையும் நிறுத்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். நல்ல லித்தியம் அயனிக் கலம் இன்று கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தருகிறது. லித்தியம் உலோகத்துக்காகவே அமெரிக்க அரசு 2016-இல் தொடங்கிய 'பேட்டரி500' திட்டத்தின் இலக்கே 500தான். அதாவது இரண்டு மடங்கு. அதுவே பெரிய விஷயம், அதை அப்படியே எழுதியிருக்கலாம்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, லித்தியம் உலோகம் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது என்பது. எடை மெஷினிலும் கார் சாவியிலும் போடும் பொத்தான் போன்ற சிறு பேட்டரியைப் பிரித்தால் உள்ளே லித்தியத் தகடுதான். வருடக்கணக்கில் ஒரு தொல்லையும் தராமல் உழைக்கிறது. ஆனால் அதை ரீசார்ஜ் செய்யக்கூடாது. மின்சாரம் தரும்போது லித்தியம் கரைந்து போவதில் சிக்கல் இல்லை, சார்ஜ் ஏற்றும்போது திரும்பி வந்து படிவதில்தான் சிக்கல்.

முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். மின்சாரத்தைக் கூட்டி வைத்தால் பாத்திரத்தின் விளிம்பிலும் முனையிலும்தான் முலாம் தடித்துப் பொரிப்பொரியாக ஏறும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியமும் அப்படித்தான். எங்கே சிறு மேடு இருக்கிறதோ அங்கேயே மேலும் மேலும் படிந்து, ஊசியாகவும் பாசியாகவும் வளர்கிறது. டென்ட்ரைட் என்பது இதைத்தான். ஊசி நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்து எதிர்முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்கியூட், தீ. துளைக்காவிட்டாலும் நஷ்டம்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஊசியின் அடிப்பகுதி முதலில் கரைந்தால் மேல்துண்டு தொடர்பு அறுந்து உள்ளேயே கிடக்கும். இதை ஆய்வாளர்கள் 'செத்த லித்தியம்' என்கிறார்கள். போதாக்குறைக்கு, புதிதாகப் படியும் லித்தியம் ஒவ்வொரு முறையும் மின்பகுளியோடு வினைபுரிந்து மேலே ஒரு படலத்தை உண்டாக்கி, இரண்டையும் தின்றுகொண்டே இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போடுவது போலத்தான். ஒவ்வொரு சார்ஜுக்கும் 99 சதவீத லித்தியம் திரும்பக் கிடைக்கிறது என்று வையுங்கள். நூறு மார்க்குக்கு 99 எடுத்தது போல இருக்கிறது இல்லையா? நூறு முறை சார்ஜ் செய்தபின் மிச்சம் 37 சதவீதம். 99.9 என்றால் ஐந்நூறு முறைக்குப் பின் 61. ஐந்நூறு முறைக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டுமானால் குறைந்தது 99.96 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆய்வகங்களில் கால் மில்லிமீட்டருக்கும் தடித்த லித்தியத் தகடு வைத்து, மின்பகுளியையும் தாராளமாக விட்டுச் சோதித்தால், உபரி லித்தியம் ஈடுகட்டிவிடுவதால் இந்த இழப்பு வெளியே தெரியாது. அந்தத் தடிமனோடு பேட்டரி செய்தால் எடைச் சலுகையே போய்விடும்.

இது இன்று நேற்று வந்த கனவும் அல்ல. 1970-களில் எக்ஸான் நிறுவனத்தில் வேதியியலாளர் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த, ரீசார்ஜ் செய்யக்கூடிய முதல் லித்தியம் பேட்டரியில் ஆனோடு லித்தியம் உலோகம்தான். 1989-இல் கனடாவின் மோலி எனர்ஜி தயாரித்த லித்தியம் உலோக பேட்டரிகள் ஜப்பானில் கைபேசிகளில் தீப்பிடித்ததால் திரும்பப் பெறப்பட்டன. 1991-இல் சோனி கார்பன் ஆனோடு வைத்த லித்தியம் அயனி பேட்டரியோடு சந்தைக்கு வந்ததும் உலகமே அந்தப் பக்கம் போனது. திரவத்துக்குப் பதில் கெட்டியான திண்ம மின்பகுளி வைத்தால் ஊசி துளைக்காது என்று நம்பினார்கள். ஆனால் கெட்டியான பீங்கானிலும் நுண்ணிய விரிசல்கள் வழியே லித்தியம் நுழைந்துவிடுகிறது.

தம்பி ஸ்கூட்டரை கேன்சல் செய்யவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், அது ஆனோடின் எடைக்கா, முழுக் கலத்தின் எடைக்கா, எத்தனை முறை சார்ஜ் தாங்கியது, தகடு எவ்வளவு தடிமன் என்று கேட்டு எழுதுங்கள். இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உங்கள் நிருபரை ஒரு நாள் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காரைக்குடி