எதிரணியாக ஆடுகிற என் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று இரவு தொலைபேசியில் பேசியபோது, வரும் வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் உங்கள் கல்லூரியின் சொந்த அரங்கிலேயே கூடைப்பந்து ஆட்டங்கள் இருப்பதாகச் சொன்னாய். இந்த வாரமும் உன்னை, பயிற்சியில் எதிரணியைப் போல ஆடிக் காட்டும் ஸ்கவுட் அணியில்தான் போட்டிருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாய். உன் குரல் தணிந்ததை நானும் கவனித்தேன், பக்கத்தில் இருந்த அம்மாவும் கவனித்தாள். வகுப்புக்கும் பயிற்சிக்கும் நடுவில் உன்னிடம் நீளமாகப் பேச வாய்ப்பதில்லை என்பதால், சொல்ல நினைத்ததை எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

நீ முதல் ஐவரில் ஒருவனாகக் களமிறங்க வேண்டும் என்ற ஆசை உனக்கு எவ்வளவு உண்டோ, அதில் கொஞ்சமும் குறையாமல் எனக்கும் உண்டு. ஆகவே உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே. சொந்த அரங்கில் ஓர் அணி வெல்வதற்கான வேலையில் பெரும்பகுதி, ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் பயிற்சியில் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் மிக நுட்பமான பொறுப்பு, எதிரணியைப் போலவே ஆடிக் காட்டுகிற உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

உதவிப் பயிற்சியாளர் எதிரணியின் பழைய ஆட்டங்களை மணிக்கணக்கில் வீடியோவில் பார்த்து, அவர்கள் அடிக்கடி ஆடும் செட்களை, அதாவது முன்பே வகுத்த ஆட்டத் திட்டங்களை, அட்டையில் வரைந்து உங்களிடம் தருகிறார். அவருடைய உழைப்பு அத்தனையும் அதுவரை வெறும் கோடுகளாகவும் அம்புக்குறிகளாகவும்தான் இருக்கிறது. அந்தக் கோடுகள் எழுந்து நடமாடுவது உங்களால்தான். வியாழக்கிழமை வரப்போகும் அணியின் ஷூட்டராக நீ ஆட வேண்டும் என்று சொன்னாயே, அவனையே எடுத்துக்கொள்வோம். கூடைக்கு அடியிலிருந்து புறப்பட்டு, சென்டர் வழிமறித்து நின்று போடும் ஸ்கிரீனை உரசியபடி மேலே ஓடி வந்து பந்தை வாங்குகிறவன் என்று நீ விவரித்தாய். அப்படி ஆடுகிறவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு ஓடுவதில்லை. தன்னைக் காக்கிறவன் பின்னாலேயே துரத்தி வந்தால், ஸ்கிரீனைச் சுற்றி வளைந்து கூடையை நோக்கி உள்ளே வருவான். காக்கிறவன் ஸ்கிரீனுக்கு மறுபுறமாகக் குறுக்கே புகுந்து முந்தப் பார்த்தால், சட்டென்று விலகி மூலைக்குப் போய், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கைகளை விரித்து நின்று பந்தைக் கேட்பான். இந்தத் தேர்வு அரை நொடியில் நடந்து முடிகிறது. அட்டையில் வரைந்திருக்கும் ஒரே கோட்டில் ஒவ்வொரு முறையும் நீ ஓடினால், உன்னைக் காக்கும் நண்பன் அந்தக் கோட்டைக் காக்கத்தான் பழகிக்கொள்வான்; வியாழக்கிழமை நிஜமான ஆள் வந்து நிற்கும்போது திகைத்துப் போவான்.

வலது பக்கம் பாய்ந்து, கூடையருகே எழும்பி லே-அப் போடுவது உனக்குக் கைவந்த கலை. அந்த ஷூட்டரோ இடது பக்கம் ஒரே ஒரு முறை பந்தைத் தட்டிவிட்டு அங்கேயே எழும்பி ஷாட் எடுக்கிறவன். எனவே உன் பலத்தை இந்தச் சில நாட்களுக்கு மூட்டை கட்டி வைத்துவிடு. பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நம் திறமையையும் கொஞ்சம் காட்டிவிடுவோம் என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் நீ வலது பக்கம் பாய்ந்து இரண்டு புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும், உன் அணியின் காவலன் தவறான பாடத்தைப் படிக்கிறான்.

இன்னும் கிட்டே போய் ஒன்றைப் பார்ப்போம். பந்து ஷூட்டரின் கைக்கு வரும்போது, அவனிடம் ஓடிவரும் காவலன் முதலில் பெரிய எட்டுகளாகப் பாய்ந்து, கடைசி இரண்டு மூன்று அடிகளைச் சின்னச் சின்னதாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தியபடி நிற்க வேண்டும். ஓர் எட்டு கூடிவிட்டால் ஷூட்டர் பக்கவாட்டில் கடந்து போய்விடுவான். ஓர் எட்டு குறைந்துவிட்டால் தடையில்லாமல் ஷாட் எடுத்துவிடுவான். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் முதல் நிலையான டிவிஷன் ஒன்று அணிகளுக்கு மூன்று புள்ளிக் கோடு 2019-20 பருவத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது அல்லவா? கூடைக்கு அருகே உதவிக்குப் போன காவலன் திரும்பி ஓடிவர வேண்டிய தூரமும் அத்துடன் கூடிவிட்டது. அந்தக் கடைசி எட்டின் அளவை வீடியோவைப் பார்த்து எவனும் கற்றுக்கொள்ள முடியாது. நீ பாதி வேகத்தில் ஓடிவந்து, பந்தை வாங்கி, மார்பருகே ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஷாட் எடுத்தால் உன் நண்பனுக்கு எப்போதும் நேரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். முழங்கால் மடங்கியிருக்க, விரல்கள் தயாராக இருக்க, பந்து தொட்ட கணமே எழும்பு. அவன் எரிச்சல்படலாம், பயிற்சியாளர் அவனைக் கடிந்துகொள்ளலாம். நட்புக்காக வேகத்தைக் குறைத்துவிடாதே. செவ்வாய்க்கிழமை அவன் படும் எரிச்சல் வியாழக்கிழமை அவனுக்கு உதவும்.

சனிக்கிழமை ஆட்டத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை கூடுகிறது. முதல் ஆட்டத்துக்கு நாட்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு நடுவில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும் என்பதெல்லாம் விதி. ஆட்ட நாள் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரமாகக் கணக்கில் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை முதல் ஐவரின் கால்கள் களைத்திருக்கும் என்பதால் பயிற்சியாளர் அவர்களை ஓடவும் விடமாட்டார். நடந்தபடியே செட்களைக் காட்டித்தான் புரிய வைப்பார். எதிரணியின் ஆட்டமுறையை அதற்குள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். அட்டையை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றால் இருக்கிற கொஞ்ச நேரமும் கரைந்துவிடும். எனவே சனிக்கிழமை எதிரணியின் அட்டையைப் புதன்கிழமை இரவே கேட்டு வாங்கி, உன் இடத்தை மட்டுமல்லாமல் ஐந்து இடங்களையும் படித்துவிடு. உதவிப் பயிற்சியாளர் மகிழ்ச்சியோடு தருவார்.

சொந்த அரங்கைப் பற்றியும் உன்னிடம் பேச வேண்டும். அரங்கம் நம்முடையது என்றாலே பத்துப் புள்ளி முன்னிலை கிடைத்துவிட்டதைப் போலச் சிலர் பேசுகிறார்கள். சொந்த அரங்கில் ஆடும் அணிக்குச் சாதகம் உண்டுதான். பேருந்துப் பயணம் கிடையாது, உன் படுக்கையிலேயே தூங்குகிறாய், கூடைக்குப் பின்னால் தெரியும் காட்சி கண்ணுக்குப் பழகியிருக்கிறது, தரையில் பந்து எங்கே எப்படி எழும்பும் என்று கைக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர் கூட்டம். டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கம் 1940-இல் திறக்கப்பட்டது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் அமர முடியும். ஆனாலும் மாணவர்கள் எல்லைக் கோட்டை ஒட்டியே நின்று எழுப்பும் ஓசைக்கு நாடு முழுவதும் பெயர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், எதிரணி ஆட்டக்காரன், விதிமீறலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறியான ஃப்ரீ த்ரோவை எடுக்க வந்து நிற்கும்போது, கூடைக்குப் பின்னால் ஒரு திரையைச் சட்டென்று விலக்கி வேடிக்கை காட்டி அவன் கவனத்தைக் கலைப்பார்கள்.

ஆனால் அந்த ஓசை நம் காதையும் அடைக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எதிரணி தாக்கும்போதுதான் கூட்டம் மிகுதியாகக் கத்துகிறது. நம் ஐவரும் ஒருவரோடு ஒருவர் பேசியே தீர வேண்டிய நேரமும் அதுதான். ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருகிறது, யாரை யார் மாற்றிக்கொள்வது, உதவிக்கு யார் போவது என்பதெல்லாம் குரலால் நடக்க வேண்டிய காரியங்கள். கல்லூரி விதிப்படி ஒவ்வோர் அணியும் முதல் பாதியில் தன் பெஞ்சிலிருந்து தொலைவில் உள்ள கூடையில்தான் பந்தைப் போடுகிறது. அப்படியானால் முதல் பாதியின் 20 நிமிடங்களும் நம் அணி தடுப்பாட்டம் ஆடுவது உங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரிலே. எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு முஷ்டியை உயர்த்தினால் எந்த செட், தலையைத் தட்டினால் எந்த செட் என்று மூன்று நாட்கள் ஆடிப் பார்த்த உனக்குத்தான் முதலில் தெரியும். ஓர் அணி ஷாட் எடுப்பதற்கான கெடுவாகிய ஷாட் கிளாக் 30 நொடிதான். 2015-16 பருவத்துக்கு முன்பு 35 ஆக இருந்தது. அதில் முதல் நான்கைந்து நொடிக்குள் நீ எழுந்து நின்று உரக்கச் சொன்னால், உள்ளே இருப்பவர்கள் இடம் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் பாதியில் தடுப்பாட்டம் அந்தக் கோடிக்குப் போய்விடும். உன் குரல் அங்கே எட்டாது. அதனால் இடைவேளையிலும் டைம் அவுட்டிலும், காவலனின் தோளில் கை வைத்து, அவன் எந்த செட்டில் ஏமாந்தான் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல். நீளமாகச் சொன்னால் அந்தப் பரபரப்பில் அவன் மனதில் நிற்காது.

வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்துக்கு 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித் தன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். கூடையில் பந்தைப் போட்டவன், தனக்குப் பந்தைத் தந்தவனை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இன்று எல்லா அணிகளிலும் அதைக் காண்கிறோம். ஆனால் தடுப்பாட்டத்தில் ஒருவன் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நின்றதற்காகப் பெஞ்சில் இருக்கும் ஸ்கவுட் அணி ஆட்டக்காரனைச் சுட்டிக் காட்டுகிற வழக்கம் எங்கும் இல்லை. புள்ளி விவரத் தாளிலும் அதற்குக் கட்டம் கிடையாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இருந்தாலும் உன் பயிற்சியாளர்கள் அதைப் பார்க்கிறார்கள். உங்கள் முதல் ஐவரில் ஒருவன் முதல் பாதியிலேயே இரண்டு ஃபௌல் வாங்கிவிட்டால், ஐந்தில் வெளியேற வேண்டிவரும் என்பதால் அவனை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வேளையில், எதிரணியின் செட்களை யாரும் சொல்லாமலே அறிந்தவனைத் தேடித்தான் பயிற்சியாளரின் பார்வை பெஞ்சின் பக்கம் திரும்பும்.

அப்படித் திரும்பும்போது நீ தயாராக இருக்க வேண்டும் என்பதால் ஃப்ரீ த்ரோவை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதே. கல்லூரி அணிகளின் ஃப்ரீ த்ரோ சராசரி பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய 70 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஒரு பாதியில் ஓர் அணியின் ஏழாவது ஃபௌலிலிருந்து எதிரணிக்கு முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. பத்தாவதிலிருந்துதான் இரண்டும் உறுதி. 70 விழுக்காடு போடுகிறவனுக்கு இரண்டும் உறுதி என்றால் சராசரியாக 1.4 புள்ளி, முதலாவதை நம்பி நிற்கும்போது அது 1.19 ஆகிவிடுகிறது. நெருக்கமான ஆட்டத்தில் வெற்றி தோல்வி இந்த வித்தியாசத்தில்தான் தீர்மானமாகிறது. உடல் ஓய்வாக இருக்கும்போது வரிசையாக ஐம்பது போடுவதால் அதிகப் பயனில்லை. ஸ்கவுட் ஆட்டம் ஆடி மூச்சு வாங்கும்போதே கோட்டுக்குப் போய் இரண்டே இரண்டு எறி எடு; மறுபடி ஓடிவிட்டு வந்து மீண்டும் இரண்டு.

சொந்த அரங்கில் ஆட்டம் என்றால் நண்பர்கள் டிக்கெட் கேட்டு வருவார்கள், அறையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், தூக்கம் கெடும். வெளியூர் ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. புதன்கிழமை இரவும் வெள்ளிக்கிழமை இரவும் தொலைபேசியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்; நாங்களும் கூப்பிட மாட்டோம். கணுக்காலில் இன்னும் வலி இருந்தால் அணியின் மருத்துவ உதவியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

வியாழக்கிழமை ஆட்டத்தை இங்கிருந்தபடியே பார்ப்போம். அந்த ஷூட்டர் முதன்முதலாக ஸ்கிரீனைச் சுற்றி வரும்போது நான் பந்தைப் பார்க்கப் போவதில்லை. உன் நண்பன் கடைசி எட்டை எங்கே வைக்கிறான் என்றுதான் பார்ப்பேன். சனிக்கிழமை நானும் அம்மாவும் நேரிலேயே வருகிறோம். உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நான்கைந்து வரிசை தள்ளி இடம் கிடைத்தால் போதும், நீ எழுந்து நின்று செட்டைச் சொல்வது எங்களுக்குக் கேட்கும். ஆட்டம் முடிந்து நீ உடை மாற்றிக்கொண்டு வரும்வரை வாசலில் காத்திருப்போம். எதிரணி அட்டையில் இருந்தபடியே ஆடியதா, எந்த இடத்தில் மாற்றி ஆடியது, உங்கள் காவலர்கள் அதை எப்போது கண்டுகொண்டார்கள் என்பதையெல்லாம் நீ சொல்ல நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா