மலைக்கு இந்தப் பக்கம்

சென் பியேர், ரீயூனியன்
பிப்ரவரி 8

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. அதே கடிதத்தில், "அந்தத் தீவில் தண்ணீர் எப்படி?" என்று கேட்டிருக்கிறாய். பொதுப்பணித் துறையில் காலத்தைக் கழித்தவன் வேறென்ன கேட்பாய்!

தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அது விழும் இடத்தில்தான் வம்பு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவு மொத்தமே 2,512 சதுர கிலோமீட்டர். நடுவே 3,070 மீட்டர் உயரத்துக்குப் பித்தோன் தெ நேஜ் என்ற பழைய எரிமலை. தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மலையில் முட்டி, சுமந்து வந்ததையெல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் சில இடங்களில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேற்குக் கரையில் சில இடங்களில் 600கூடத் தேறுவதில்லை. 2007 பிப்ரவரியில் கமெத் புயல் வந்தபோது மலைமேல் கொமெர்சோன் என்ற இடத்தில் மூன்றே நாளில் 3,929 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளாதே, எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் கடற்கரை விடுதிகள், வெயில், பெருகும் குடியிருப்பு எல்லாம் மேற்கில். ஆகவே மலையைக் குடைந்து, சலாசி, மஃபாத் பள்ளத்தாக்குகளின் நீரைச் சுரங்கவழியாக மேற்கே கொண்டுவந்திருக்கிறார்கள். சுரங்கங்களின் நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாறைக்குள் தேங்கியிருந்த நீர் பீறிட்டு வேலையைத் தாமதப்படுத்த, முடிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நீ பார்த்திருந்தால் அங்கேயே பாய் விரித்திருப்பாய். இதில் ஒரு வேடிக்கை: மஃபாத்திலிருந்து தண்ணீர் வெளியே வர வழி இருக்கிறது, அங்கு வாழும் மக்களுக்குச் சாலை கிடையாது. நடக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர்.

எனக்கு உறுத்துவது வேறு. இங்கே தண்ணீர் மட்டுமல்ல, எல்லாமே இன்னொரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அரிசி கப்பலில். கரும்பு ஆலைகள் இரண்டுதான் மிச்சம். சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், சக்கை போதாத மாதங்களில் மரத்துகள் உருண்டைகளை எரிக்கிறார்கள், அவையும் கப்பலில். பணம் பாரிஸிலிருந்து. 1946 முதல் இது பிரான்ஸின் மாவட்டம், செலாவணி யூரோ. அரசுப் பள்ளி ஆசிரியரான என் மருமகனுக்குப் பாரிஸில் கிடைப்பதைவிட 53 சதவீதம் கூடுதல் சம்பளம், விலைவாசியை ஈடுகட்ட என்று. கரும்பு வெட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை. கடையில் விலை மட்டும் இருவருக்கும் ஒன்றே. இதை அநியாயம் என்றால் மருமகன் சிரிக்கிறார். "சாலை, மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாம் அதே பணம்தானே மாமா, சுற்றியுள்ள தீவுகளைப் பாருங்கள்" என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் வேலையில்லாதோர் விகிதம் பிரான்ஸ் பெருநிலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் ஊரில், சலுகை யாருக்குப் போகிறது என்று கேட்கத்தானே தோன்றும்?

போன வாரம் கிழக்குக் கரையில் உள்ள சென் ஆந்த்ரே ஊரில் தைப்பூசக் காவடி பார்த்தேன். 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே ஏராளம். மல்பார் என்கிறார்கள். அலகு குத்தி, பால்குடம் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். என் பக்கத்தில் நின்ற இளைஞர் "முருகா" என்று உரக்கக் கூப்பிட்டார். நான் தமிழில் பேச்சுக் கொடுத்தபோது, பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோலில்தான் பதில் சொன்னார். திரௌபதியம்மனுக்குத் தீமிதியும் உண்டு. முருங்கைக்கீரையை எல்லா இனத்தாரும் சமைக்கிறார்கள். மசாலா போட்ட ஆட்டுக்கறி நம் ருசிக்கு மிக அருகில் வருகிறது. மிளகாய்த் துவையல் மட்டும் நம்மையும் அழவைக்கும்.

நீ வருவதாக இருந்தால் மே மாதத்துக்குப் பிறகு வா. இப்போது புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது, எல்லாவற்றிலும் உச்சமான ஊதா எச்சரிக்கை விட்டு, மீட்புப் படையினர்கூட வெளியே வரக்கூடாது என்று உத்தரவிட்டார்களாம். ஆகஸ்டில் மலைமேல் குளிரும், கம்பளி கொண்டுவா. அந்தச் சுரங்கத்தைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று மருமகனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேட்டூர் நீர்மட்டம், பேத்தியின் கல்லூரி, இரண்டையும் பற்றி அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பாலு