குளோரினின் அந்த அரை

ஐயா,

தேர்வு நெருங்கும்போது தங்கள் நாளிதழில் வரும் வேதியியல் மாதிரி வினாக்களை எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணித்தானே நிறை எண் சொல்றோம்? அப்ப குளோரினோட அணு நிறை எப்படி 35.5? அரை நியூட்ரான் உண்டா?” பள்ளியில் கேட்டதற்கு, மனப்பாடம் செய்துகொள், கணக்குக்கு அது போதும் என்றார்களாம். எனக்கு மனசு ஆறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்களே விடை தெரியாமல் திண்டாடிய கேள்வி அது. 1919 வாக்கில் ஆங்கிலேய அறிவியலாளர் ஆஸ்டன் தம் நிறை நிரல்வரைவியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) குளோரினைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெளிந்தது. குளோரின் அணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கின் நிறை 35, கால் பங்கின் நிறை 37. மூன்று 35-ஐயும் ஒரு 37-ஐயும் கூட்டினால் 142. நாலால் வகுத்தால் 35.5. அந்த நிறையில் தனி அணு ஒன்றுகூடக் கிடையாது, அது சராசரி.

நான் வாலிநோக்கத்தில் உப்பு வாரியவரின் மகள். வீட்டுத் தராசில் 58.5 கிராம் உப்பை நிறுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் கொட்டி, “இதுதான் ஒரு மோல், இதிலுள்ள குளோரினில் நாலில் ஒன்று கனமானது” என்றேன். (மோல் என்பது அணுக்களை எண்ண வேதியியல் வைத்திருக்கும் அலகு, டஜன் மாதிரி.) அவள் கையை மூடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் கடல்நீரிலும் தூத்துக்குடி உப்பிலும் இதே விகிதம்தான். அதனால்தான் எந்த ஊர் உப்புக்கும் 35.5 வைத்துக் கணக்குப் போட முடிகிறது. இரண்டு வகை அணுவுக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒரே அளவுதான் என்பதால், வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் இரண்டுமே ஒன்றுபோல வெள்ளை வீழ்படிவாக இறங்கும்.

இதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், விலை அதிகம் என்று வெள்ளி நைட்ரேட் புட்டியை அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு மில்லி கடல்நீரில் இரண்டு சொட்டு பொட்டாசியம் குரோமேட் விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஐந்தரை மில்லி சொச்சத்தில், குளோரைடு (கரைந்த உப்பிலுள்ள குளோரின்) முழுதும் வீழ்படிவாகிவிட்டதற்கு அடையாளமாக, மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். கார்த்திகை மழைக்கு அப்புறம் எடுத்த பாக் நீரிணைத் தண்ணீர் என்றால் அதைவிடக் குறையும். (குரோமேட் நச்சு. கழிவைத் தொட்டியில் கொட்டாமல் புட்டியில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.)

மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிய தண்ணீரை மொண்டு குடம் நிரப்பும் எங்கள் பெண்களுக்கு உவர்ப்பு நாக்கில் தெரியும். அது எத்தனை மில்லிகிராம் என்று அவர்கள் பிள்ளைகளே பள்ளியில் கண்டு சொல்லலாமே. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அடுத்த மாதிரி வினாத்தாளில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்: 20 மில்லி கிணற்று நீருக்கு 0.02 மோலார் வெள்ளி நைட்ரேட் 14.1 மில்லி செலவானது. அந்தக் கிணற்றில் லிட்டருக்கு எவ்வளவு குளோரைடு? அதைக் குடிக்கலாமா?

விடை 500 மில்லிகிராம். இரண்டாவது கேள்விக்கான விடையைப் பிள்ளைகள் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.