கினெக்ட்டை யாரும் விரும்பவில்லை என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் காணாமல் போன கருவிகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பேஜருக்கு ஒரு பத்தி, வாக்மேனுக்கு ஒரு பத்தி. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் பெட்டியில் மாட்டி, கையில் எதையும் பிடிக்காமல் உடம்பை அசைத்தே ஆட வைத்த கேமராக் கருவியான கினெக்ட்டுக்கு மட்டும் ஒரே வரி. சோம்பேறிகளை சோபாவிலிருந்து எழுப்பப் பார்த்த விளையாட்டுச் சாமான், யாரும் விரும்பவில்லை, ஒழிந்தது என்று உங்கள் கட்டுரையாளர் முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் தினமும் உங்கள் பத்திரிகையை பூதக்கண்ணாடி வைத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர் என் மாமியார். அன்றைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டுத்தான் பேப்பரைக் கொடுத்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

யாரும் விரும்பவில்லையாம். 2010 நவம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவில் கடைக்கு வந்து, முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று, மிக வேகமாக விற்ற மின்னணுச் சாதனம் என்று கின்னஸில் ஏறிய பொருள் அது. இது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் எப்படி அந்த வரியை விட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு லீவுக்கு வந்தபோது எக்ஸ்பாக்ஸ் 360-ஐயும் கினெக்ட்டையும் கொண்டுவந்து, திரும்பும்போது எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். அதற்குச் சில மாதம் முன்புதான் அத்தைக்கு, என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன், பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் எதையும் பிடிக்க முடியாமல் போயிருந்தது. சாதாரண வீடியோ கேம் கன்ட்ரோலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், இரண்டு கட்டைவிரலும் ஓட வேண்டும், ஆள்காட்டி விரலுக்கும் தனியாகப் பட்டன் இருக்கும். ஒரு கை சரியில்லாதவர்களுக்கு அதில் வேலையே இல்லை. கினெக்ட்டில் அப்படி எதுவும் கிடையாது, எதிரே போய் நின்றால் போதும். பவுலிங் ஆட்டத்தில் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் திரையில் பந்து கையில் வந்து ஒட்டிக்கொள்ளும், கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினால் உருண்டு போய் கட்டைகளைச் சாய்க்கும். பிசியோதெரபிக்கு வரும் பெண் கையைத் தூக்குங்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அத்தை, பேரன் பாயின்ட்டில் முந்திவிட்டான் என்றால் அவராகவே எழுந்து வருவார். அதனால் கை குணமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஹாலில் அவர் சிரித்தது அப்போதுதான். அவரையா சோம்பேறி என்கிறீர்கள்?

குறையே இல்லாத சாமான் என்று நான் வாதாடவில்லை. குறை நிறைய இருந்தது, அதை ஒழுங்காக எழுதியிருந்தால் கைதட்டியிருப்பேன். முதல் குறை இடம். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து சுமார் 6 அடி தள்ளி நிற்க வேண்டும், இரண்டு பேர் என்றால் 8 அடி. புதுச்சேரியில் எங்கள் முத்தியால்பேட்டையில் எத்தனை வீட்டு ஹாலில் டிவிக்கு முன்னால் 8 அடி காலியாக இருக்கும்? எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் திவானைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டுவிட்டுத்தான் ஆட்டம். நேரு வீதியில் கேம் டிஸ்க் வாங்கிய கடையில், எங்கள் ஹால் சின்னது, இன்னொரு ஆளும் சேர்ந்து ஆட முடியுமா என்று கேட்டேன். டிவி வைக்க இடம் இருந்தால் போதும்மா என்று கையில் டிஸ்க்கைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் விற்கத்தான் பார்ப்பார், சரி. பத்திரிகை எதற்கு இருக்கிறது? அந்த வருஷங்களில் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்திலும் ஒரு தடவை கூட அடிக்கணக்கு வரவில்லை. வெளிநாட்டு வீட்டில் ஒரு குடும்பம் துள்ளிக் குதிக்கிற விளம்பரப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டீர்கள். அங்கே கீழ் வீட்டுக்காரர் கிடையாது. இங்கே பிள்ளைகள் படகு ஆட்டத்தில் குதித்தால் மனிதர் உடனே மாடிப்படி ஏறி வந்து நிற்பார்.

அப்புறம் வெளிச்சம். அந்தச் சென்சார், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, அவை எங்கே எவ்வளவு விலகி விழுகின்றன என்பதை ஒரு கேமராவால் பார்த்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். உடம்பில் 20 மூட்டுகளை விநாடிக்கு 30 தடவை தொடரும். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் அடித்தாலே புள்ளிகள் கரைந்து ஆளைத் தொலைத்துவிடும். ஜன்னலைச் சாத்தினால் சித்திரை மாதத்தில் உள்ளே நிற்க முடியாது. புடவையிலும் அதே கதைதான், இரண்டு கால் எங்கே என்று அதற்குத் தெரியாமல் திரையில் உருவத்தின் கால்கள் கோணிக்கொண்டு நடுங்கும். அத்தை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றால் நாற்காலியையும் காலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். உட்கார்ந்தால் எங்களிடம் இருந்த ஆட்டங்கள் அவரை ஏற்கவே இல்லை. உட்கார்ந்திருப்பவரின் மேலுடம்பில் 10 மூட்டுகளை மட்டும் தொடரும் வசதி 2012 மே மாதம் வந்தது, அதுவும் கம்ப்யூட்டருக்கான கினெக்ட்டில். எங்கள் டிஸ்க்குகளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. யாருக்கு அது அதிகம் உதவியதோ அவர்களை நிற்க வைத்தே ஆட்டத்தைச் செய்தார்களே, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

என் மகனுக்கு வேறு குறை. கை அசைத்து ஒரு துளி நேரம் கழித்துத்தான் திரையில் அசையும், சண்டை ஆட்டத்துக்கு அது ஆகாது. மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றாலும் கையை அந்தரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, வட்டம் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். பட்டன் இல்லாததால் நடந்து போகிற ஆட்டமெல்லாம் சரியாக வரவில்லை.

ஆனால் ஒழிந்ததற்குக் காரணம் யாரும் விரும்பாதது இல்லை. 2013இல் அடுத்த எக்ஸ்பாக்ஸான எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது கினெக்ட்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று 499 டாலருக்கு விற்றார்கள். போட்டிக்கு இருந்த பிளேஸ்டேஷன் 4 விலை 399 டாலர். கன்ட்ரோலரில் ஆடுகிறவர்கள் நாங்கள் எதற்கு 100 டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள், கேட்டது நியாயம். 2014 ஜூனில் கினெக்ட் இல்லாமலும் விற்க ஆரம்பித்ததும், எல்லார் வீட்டிலும் அது இருக்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் செய்கிறவர்களுக்குப் போய்விட்டது. 2017 அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. விரும்பியவர்கள் வேறு, தலையில் கட்டப்பட்டவர்கள் வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல உங்கள் கட்டுரையாளருக்கு இன்னொரு வரி போதும். இவ்வளவுக்கும் அந்த வித்தை அழியக்கூட இல்லை. முதல் கினெக்ட்டுக்குக் கண் செய்து கொடுத்த பிரைம்சென்ஸ் கம்பெனியை ஆப்பிள் 2013இல் வாங்கியது. 2017 நவம்பரில் வந்த ஐபோன் எக்ஸ் நம் முகத்தில் புள்ளி தூவித்தானே பூட்டைத் திறக்கிறது?

எனக்கு உங்கள் மேல் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் அடித்து எங்கள் தெரு பல நாள் இருட்டில் கிடந்தபோதும் உங்கள் பக்கங்களில் கடற்கரைச் சாலைதான் வந்தது. புதுச்சேரி என்றால் உங்களுக்கு மஞ்சள் சுவரும் வெள்ளை கேட்டும்தான். அதைப் பற்றி எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, நான் புயல் நிவாரணத்தையே குறை சொன்னதுபோல் போட்டீர்கள், தெருவில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் சந்தாவை நிறுத்தவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு, யாரும் விரும்பவில்லை என்ற வரிக்குத் திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும். கேமரா வைத்து ஆடும் சாதனம் எதைப் பற்றி இனி எழுதினாலும் எத்தனை அடி இடம் வேண்டும், பகல் வெளிச்சத்தில் ஓடுமா, உட்கார்ந்து ஆட முடியுமா என்ற மூன்றையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால் புயல் பத்தியை எடுத்துவிடுங்கள், அத்தையைப் பற்றியதை அப்படியே போடுங்கள், அவர் படிப்பார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி